ஏழாவது பெண்ணின் வாத்தியம்

சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு முப்பத்தொன்பது.

சீடர் பெயர் தவமணி. இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். மாம்பழம், தேசியக்கொடி, இரண்டு மலைக்கு நடுவே உதிக்கிற சூரியன் என்று வரையச் சொல்லிக்கொடுத்தே காலம் போய்விட்டதே என்ற குறை அவருக்கு உண்டு. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பழைய கோயில் ஓவியங்களைத் துலக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள உமையாளிடம் வந்து சேர்ந்தார்.

உமையாள் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சார், உங்களால வரையாம இருக்க முடியுமா?"

"புரியலைங்கம்மா."

"பரவாயில்லை. நாளைக்கு வாங்க."

அப்படித்தான் அவர் வைகைக்குத் தெற்கே இருந்த அந்தச் சிவன் கோயிலுக்குப் போனார். ஊர்ப் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

கோயிலின் முன்மண்டபத்தில், மேல்சுவரில், வரிசையாக ஏழு பெண்கள். ஏழு பேரும் வாத்தியம் வாசிப்பவர்கள். எத்தனையோ வருஷத்து விளக்குப் புகையும், திருவிழாவுக்குத் திருவிழா அதே மண்டபத்தில் மூட்டிய அடுப்புகளின் கரியும் அவர்கள் மேல் தார் போலப் படிந்திருந்தன. ஐந்து மாதத்தில் ஆறு பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஒருத்தி மத்தளம், ஒருத்தி தாளம், ஒருத்தி குழல், ஒருத்தி சங்கு, ஒருத்தி வீணை, ஒருத்தி உடுக்கை. அவர்களில் நான்கு பேரை உமையாள் துலக்கினார். இரண்டு பேரைத் தவமணி, பக்கத்தில் உமையாள் நிற்க, துலக்கினார்.

ஏழாவது பெண்ணைத் தனியாகச் செய்யும்படி அவரிடமே விட்டார் உமையாள்.

விதி இதுதான். ஒரு புது இடத்தைத் தொடுவதற்கு முன்னால் நக அளவு இடத்தில், கரியைக் கரைக்கும் மருந்தைப் பஞ்சால் தொட்டு வைக்க வேண்டும். ஒரு நாள் பொறுக்க வேண்டும். நிறம் பஞ்சில் ஏறவில்லை என்றால்தான் அடுத்த நக அளவு.

பத்து நாள் தவமணி பொறுத்தார். முகம் வந்தது. தோள் வந்தது. வலது கை வந்தது, ஆள்காட்டி விரல் லேசாக மடங்கியிருந்தது. இடது கை மேலே உயர்ந்து எதையோ ஏந்தியிருந்தது. இரண்டு கைக்கும் நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கரி.

பதினோராம் நாள் உமையாள் கீழே கிராமத்துக்காரர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். தவமணி சாரத்தின் மேலே தனியாக இருந்தார். மடங்கிய விரலின் நுனி ஒரு கோட்டைத் தொடுவது தெரிந்தது. கோடா, நரம்பா? அவர் காரமான மருந்து இருந்த பெரிய பாட்டிலைத் திறந்தார். பஞ்சை முழுக்க நனைத்தார். நக அளவு பார்க்கவில்லை. ஒரே இழுப்பு.

கரி விலகியது. உள்ளே வாத்தியம் இருந்தது.

ஒரு வளைவு. அதன் அடியில் பச்சையாக ஓர் உருண்டை. குறுக்கே கோடுகள், மூன்றோ நான்கோ. அவர் மூச்சை இழுத்தார். மூச்சை விடுவதற்குள் பச்சை இளகிக் கீழே ஓடியது, வளைவு கலைந்தது, கோடுகள் போயின. வெறும் சுண்ணாம்புக் காரை. அத்தனை நிறமும் அவர் கையிலிருந்த பஞ்சில் இருந்தது.

"என்ன சார், வந்துச்சா?" கீழேயிருந்து உமையாள் கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்கம்மா. நடுவுல காரை பேந்து போயிருக்கு. முன்னாடியே போயிருக்கும் போல."

தன் வாயிலிருந்து அது எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. உமையாள் அண்ணாந்து பார்த்தார். "சரி," என்றார்.

தவமணி பஞ்சை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடினார். அன்றிலிருந்து கண்ணாடியைச் சட்டைப் பையில் சும்மா போட்டுக்கொண்டார்.

அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அழித்ததை எப்படியாவது திரும்ப வைத்துவிட வேண்டும். வரையத் தெரிந்த கை இருக்கிறது. என்ன வாத்தியம் என்று தெரிந்துவிட்டால் போதும், அதே இடத்தில், அதே பச்சையில் வைத்துவிடலாம். ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அவர் ஒரு நோட்டை எடுத்து, நினைவில் இருந்ததை வரைந்தார். வளைவு, உருண்டை, மூன்று கோடு.

ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. பஸ் ஏறித் தஞ்சாவூர் போனார். அங்கே வீணை செய்கிற ஆசாரி ஒருவர், பழைய பாட்டுகளில் சொல்லியிருப்பதை வைத்து யாழ் ஒன்று செய்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தார்.

ஆசாரி யாழைத் துணி விலக்கிக் காட்டினார். பலாமரத்தில் படகு போல அடிப்பாகம், அதிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி எழும்பி வளையும் தண்டு. ஆசாரி ஒரு நரம்பைத் தட்டினார். ஓசை அறைக்குள் ஒரு சுற்று சுற்றி வந்து தவமணியின் நெஞ்சில் உட்கார்ந்தது. சங்கீதம் என்றால் ரேடியோவில் வருவது என்றிருந்த மனிதர் அவர்.

"நீங்க பாத்ததுல எத்தனை நரம்பு?" ஆசாரி கேட்டார்.

"மூணு. இல்லை, நாலு இருக்கும்."

"ஏழு இருந்திருக்கும். உங்களுக்கு மூணுதான் கண்ணுல பட்டிருக்கு."

"அடியில உருண்டையா இருந்துச்சே?"

"படகை முன்பக்கமிருந்து பாத்தா உருண்டையாத்தான் தெரியும்."

அதுவும் சரிதானே என்று பட்டது தவமணிக்கு. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே நோட்டைத் திறந்து வரைந்தார். ஏழு நரம்பு, படகு அடி. வரைந்து முடித்தபோது, தான் அன்று பார்த்தது இதேதான் என்று சத்தியம் செய்யலாம் போலிருந்தது.

மறுநாள் சாரத்தில் வேலை செய்துகொண்டே, ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

"அம்மா, நடுவுல ஓவியம் போயிட்டா, சுத்தி இருக்கிறதை வச்சு அதைக் கண்டுபிடிச்சுடலாம் இல்லீங்களா?"

உமையாள் சுண்ணாம்பைச் சலித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"நேத்து சந்தைக்குப் போயிருந்தேன், சார். ரெண்டு கிலோ…" என்று சொல்லி, லொக்கு லொக்கென்று இருமினார். "…வாங்கிட்டு வந்தேன். என்ன வாங்கினேன்?"

தவமணி சிரித்தார். "தக்காளியா இருக்கும்."

"எப்படித் தெரியும்?"

"சந்தை, ரெண்டு கிலோ. தக்காளிதானே வாங்குவாங்க?"

"ஆணி வாங்கினேன். சாரம் ஆடுது."

தவமணி குனிந்து சாரத்துக் கட்டையைப் பார்த்தார்.

"நான் இருமினேன்," என்றார் உமையாள். "நீங்க தக்காளி வாங்கிட்டீங்க."

அது காதில் விழுந்தது. உள்ளே இறங்கவில்லை. குற்றம் செய்தவனுக்கு அவசரம் அதிகம்.

அடுத்த ஞாயிறு பக்கத்து ஊர்த் தேர்த் திருவிழா. பலூன், ஊதல், பொம்மைத் துப்பாக்கி விற்பவர்கள் நடுவில் ஒரு பெரியவர் கொட்டாங்கச்சியில் செய்த சின்ன பிடில் விற்றுக்கொண்டிருந்தார். மூங்கில் குச்சி, சிரட்டை, இரண்டு கம்பி. விற்பதற்காக ஒன்றை எடுத்து வாசித்துக்கொண்டே நடந்தார். அந்தச் சிரட்டைக்குள் இருந்து அப்படி ஒரு குழைவு வருமென்று தவமணி நினைக்கவில்லை. வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் இழுத்தால் பூனை கத்துவது போலத்தான் கேட்கும். அவர் கையில் மட்டும் அழுதது.

தவமணி நோட்டைக் காட்டினார். பெரியவர் முதல் பக்கத்தையே பார்த்தார்.

"இது நம்ம ஐட்டம்தான் சாமி. உருண்டை இருக்குல்ல? சிரட்டை. கோணலா இருக்குறது வில்லு. இதுல என்ன சந்தேகம்?"

"சிரட்டை பச்சையா இருக்குமா?"

"இளசா இருந்தா பச்சைதானே!"

அன்று இரவு நோட்டில் ஒரு சிரட்டை ஏறியது. ஏழு நரம்பு இரண்டாகக் குறைந்தது. அதுவும் பார்த்தது போலவே இருந்தது.

மூன்றாவது ஞாயிறு நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம் போனார். வில்லுப்பாட்டுக்காரி ஒருத்தியைப் பார்க்க. பெயர் இசக்கியம்மாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆளை விடப் பெரிய வில், அதில் தொங்கும் மணிகள், வில்லுக்கு அடியில் கட்டிய மண்குடம். வீசுகோலால் அவள் நாணில் ஒரு அடி அடித்ததும் மணி அத்தனையும் சேர்ந்து குலுங்கின. தவமணிக்கு மயிர்க்கூச்செறிந்தது. வளைவு! அடியில் உருண்டை! இதுதான்!

"அண்ணாச்சி, அந்தப் பொம்பளை நிக்காளா, இருக்காளா?" இசக்கியம்மாள் கேட்டாள்.

"நிக்கிறா."

"அப்பம் வில்லு இல்ல. வில்லைத் தூக்கிட்டா நிப்பாவ? தரையில வச்சிக்கிட்டு முன்னால உக்காரணும்."

"படத்துல ஓவியர் மாத்தி வரைஞ்சிருக்கலாம் இல்லையா?"

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க தேடுதது வாத்தியத்தையா, இல்ல இதுதாம்னு சொல்லுத ஒரு ஆளையா?"

அவர் நோட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். அவள் ஒரு செம்பு நீர்மோர் கொடுத்து அனுப்பினாள். திரும்பும் வழியில், அவள் இல்லை என்று சொன்ன பிறகும், நோட்டில் வில்லும் குடமும் ஏறின.

இதற்குள் குடமுழுக்குக்குப் பத்தொன்பது நாள்தான் மிச்சம். உமையாள் வேறொரு கோயில் சுவரைப் பார்க்க ஒரு நாள் வெளியூர் போயிருந்தார். காலையில் அறங்காவலர் சொக்கலிங்கம் மண்டபத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, அவசரமான மனிதர், கெட்டவர் இல்லை.

"என்ன சார், ஏழாவது அம்மா வெறுங்கையோட நிக்குது?"

"அந்த இடம் பேந்து போச்சுங்க."

"போனா என்ன, நீங்கதான் டிராயிங் மாஸ்டர் ஆச்சே. ஒரு வீணையைக் கொடுத்துடுங்க."

"வீணை ஏற்கெனவே ஒருத்தர்கிட்ட இருக்குங்க."

"அப்ப வேற எதையாவது கொடுங்க. குடமுழுக்குக்கு வர்ற சனம் எல்லாம் அண்ணாந்து பாக்கும். அது என்ன ஓட்டைன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? ரெண்டு மணி நேர வேலை சார். அந்தம்மா வர்றதுக்குள்ள முடிச்சு வச்சுட்டா, அவங்களும் பாத்துட்டு நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க."

அவர் போன பிறகு தவமணி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கொண்டிருந்தது சொக்கலிங்கம் மட்டுமா? ஒரு மாதமாகத் தன் மனசு கேட்டுக்கொண்டிருந்ததும் அதேதான். பச்சையைக் குழைத்தார். செம்மண் நிறத்தைக் குழைத்தார். மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினார். நோட்டைத் திறந்து பெண்ணின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

யாழைப் பிடித்தார். கைகள் அதை வாங்கிக்கொண்டன. மடங்கிய விரல் ஏழாவது நரம்பைத் தொட்டது. கச்சிதம்.

பக்கத்தைத் திருப்பினார். சிரட்டை பிடில். அந்தக் கைகள் அதையும் வாங்கிக்கொண்டன. மடங்கிய விரல் வில்லைப் பிடித்தது.

வில்லும் குடமும். அதையும் வாங்கிக்கொண்டன.

தவமணி நோட்டைக் கீழே வைத்தார். வேறொரு காகிதத்தை எடுத்துச் சும்மா ஒரு முறத்தை வரைந்து பிடித்துப் பார்த்தார். அவள் புடைக்கத் தயாராக நின்றாள்.

எதைக் கொடுத்தாலும் அந்தக் கை வாங்கிக்கொண்டது.

அவர் கண்ணை மூடி, அன்று பார்த்ததை நினைத்துப் பார்த்தார். வளைவு வந்தது, அது யாழின் வளைவாக இருந்தது. உருண்டை வந்தது, அது சிரட்டையாக மாறி, குடமாக மாறியது. முதல் நாள் பார்த்தது எது? அது அங்கே இல்லை. சுவரில் ஒரு தடவைதான் அழித்தார். மனசில் மூன்று தடவை அழித்திருக்கிறார்.

தூரிகையைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, சாரத்தின் மேலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பகல் பூராவும் அப்படியே இருந்தார். வெளியே யாரோ பந்தல்கால் நடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை உமையாள் வந்தார். தோளில் இருந்த பையைக் கூட இறக்கவில்லை. தவமணி எதிரே போய் நின்றார்.

"அம்மா, ஏழாவது பொண்ணு கையில வாத்தியம் இருந்துச்சு."

உமையாள் பார்த்தார்.

"நான்தான் அழிச்சேன்."

பையை இறக்கி வைத்தார் உமையாள்.

"எப்ப?"

"பதினோராம் நாள்."

"எந்த மருந்து?"

"பெரிய பாட்டில்."

"நக அளவு பாத்தீங்களா?"

"இல்லைங்கம்மா. விரல் நுனி தெரிஞ்சுது. பொறுக்க முடியலை."

உமையாள் சாரத்தில் ஏறினார். பூதக்கண்ணாடியை வைத்து அந்த இடத்தை ஓரம் ஓரமாகப் பார்த்தார். நேரம் போனது. இந்த நிமிஷமே அனுப்பிவிட்டால் பரவாயில்லை என்றிருந்தது கீழே நின்ற தவமணிக்கு.

"இது காய்ஞ்ச சுவர்ல பிசின் கலந்து தீட்டினது," என்றார் மேலேயிருந்து. "மத்ததெல்லாம் ஈரச் சுவர்ல. இதுக்குப் பச்சைத் தண்ணியே ஆகாது. பஞ்சு இருக்கா?"

தவமணி கண்ணாடிக் கூட்டைத் திறந்து நீட்டினார். உமையாள் இறங்கி வந்து அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சின்னக் காகித உறைக்குள் போட்டு, மேலே தேதி எழுதச் சொல்லி அவரிடமே கொடுத்தார்.

அவர் நோட்டையும் கொடுத்துவிட்டார். உமையாள் பக்கங்களைக் கிழித்துத் தரையில் வரிசையாக வைத்தார். யாழ், சிரட்டை, வில், இடையில் கலந்தும் மாற்றியும் வரைந்தவை. மொத்தம் ஒன்பது.

"இதுல எது சார்?"

"எல்லாமே பாத்த மாதிரிதான் இருக்கு. அதான் பயமா இருக்கு."

"எவ்வளவு நேரம் பாத்தீங்க?"

"ஒரு மூச்சு நேரம்."

"நல்லா இருந்துதா?"

தவமணி நிமிர்ந்து பார்த்தார். இந்த ஒரு மாதத்தில் எத்தனை நரம்பு, என்ன வடிவம், என்ன பேர் என்று பிறரைக் கேட்டிருக்கிறார், தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதை யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"நல்லா இருந்துதும்மா," என்றார். "அந்தப் பச்சை… அப்படி ஒரு பச்சையை நான் எங்கயும் பாத்ததில்லை."

 ஐம்பத்து மூன்று வயது மனிதர் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினார். உமையாள் தடுக்கவில்லை. போய் மண்டபத்துக் குழாயில் ஒரு செம்புத் தண்ணீர் பிடித்து வந்து பக்கத்தில் வைத்தார்.

"எத்தனையோ தலைமுறையா யாரும் பாக்காததை நீங்க ஒருத்தர் பாத்திருக்கீங்க," என்றார்.

தண்ணீரைக் குடித்துவிட்டுத் தவமணி கேட்டார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"தெரியாது. நீங்க சொல்லலைன்னா கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது."

பிறகு உமையாள் சலித்த சுண்ணாம்பில் கொஞ்சம் மண்நிறம் கலந்தார். சுவரின் வயதான நிறம் வந்ததும், அதைவிட ஒரு துளி வெளிறச் செய்தார். கிண்ணத்தையும் தூரிகையையும் தவமணியிடம் நீட்டினார்.

"அந்த இடத்தை நிரப்புங்க."

"நானா?"

"பக்கத்துல வந்து பாத்தா இது புதுசுன்னு தெரியணும். தூரத்துல நின்னா கண்ணை உறுத்தக் கூடாது. எதையும் வரையக் கூடாது."

ஓர் உள்ளங்கை இடம். காலையில் ஆரம்பித்தவர் மத்தியானம் வரை செய்தார். கொஞ்சம் கை அசந்தால் ஒரு நிழல் விழுந்தது. அது ஏதோ ஒன்றின் விளிம்பாகத் தெரிந்தது. அதை மழுக்கினார். தூரிகை திரும்பும் இடத்தில் ஒரு கோடு வரப் பார்த்தது. அதையும் மழுக்கினார். இருபத்தேழு வருஷம் ஒன்றை ஒன்றாகத் தெரியும்படி வரையப் பழகிய கை, ஒன்றுமே தெரியாதபடி பூசுவதற்குத் திணறியது. முடித்துவிட்டுக் கீழே இறங்கிப் பார்த்தார். அவள் அங்கே நின்றாள். விரல் மடங்கியிருந்தது, கை ஏந்தியிருந்தது, நடுவில் ஒன்றும் இல்லை.

அன்று மத்தியானம் அவர் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு மண்டபத் தூணில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார்.

சாயங்காலம் அறங்காவலர் வந்தார். உமையாள் தவமணியைப் பார்த்தார். தவமணியே எழுந்து போய் நடந்ததைச் சொன்னார்.

சொக்கலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க பண்ணினது ஒரு பக்கம் இருக்கட்டும். இதை எதுக்கு இப்ப சொல்றீங்க? சொல்லாம ஒரு வீணையைப் போட்டிருந்தா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுங்க."

அறங்காவலர் உமையாள் பக்கம் திரும்பினார். "அம்மா, சனங்க கேட்டா என்ன சொல்ல?"

"தெரியலைன்னு சொல்லுங்க."

"கோயில்ல நின்னுக்கிட்டுத் தெரியலைன்னா?"

"கோயில்ல நின்னு சொல்லலாம்ங்க. தப்பில்லை."

அவர் விறுவிறுவென்று போய்விட்டார். இரண்டு நாள் மண்டபத்துப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் சாரத்துக்கு ஒரு தூக்கு நிறைய பானகம் வந்தது. யார் அனுப்பியது என்று கொண்டுவந்தவள் சொல்லவில்லை. தூக்கில் 'சொக்கலிங்கம்' என்று பேர் வெட்டியிருந்தது.

குடமுழுக்கு நடந்தது. கலசத்தில் தண்ணீர் விழுந்தபோது எழுந்த சத்தத்தில் மண்டபத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன. பிற்பாடு கூட்டம் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தது. "அது என்ன வாத்தியம், ஒண்ணுமே இல்லையே?" என்று ஒருத்தி அறங்காவலரைக் கேட்டாள். தவமணி தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியலைம்மா," என்றார் சொக்கலிங்கம். முதல் தடவை தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஐந்தாறு பேரிடம் சொன்ன பிறகு நிமிர்ந்தே சொல்ல ஆரம்பித்தார். மத்தியானத்துக்குள், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, "இதோ பாருங்க, இது என்னன்னு யாருக்கும் தெரியாது," என்று காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாரத்தைப் பிரித்தார்கள். உமையாள் வேலைப் பதிவேட்டை எழுதி முடித்து, படித்துப் பார்த்து ஒரு கையெழுத்துப் போடச் சொல்லித் தவமணியிடம் கொடுத்தார். இன்னும் நூறு வருஷம் கழித்து இந்தச் சுவரைத் தொட வருகிறவர்களுக்காக எழுதுவது அது.

தவமணி ஆரம்பத்திலிருந்து படித்தார்.

முதல் பெண், மத்தளம். எங்கள் கையால் துலங்கியது. இரண்டாம் பெண், தாளம். எங்கள் கையால் துலங்கியது. அப்படியே ஆறு பெண்கள். தலையை ஆட்டிக்கொண்டே படித்தார்.

கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார். 'ஏழாம் பெண். கையில் இருந்த வாத்தியம் எங்கள் கையால் அழிந்தது. ஒரு மூச்சு நேரம் பார்க்கப்பட்டது. பச்சை. என்ன வாத்தியம் என்று தெரியாது. துடைத்த பஞ்சு உறையில் உள்ளது.'

"அம்மா, இங்க தப்பா இருக்கு."

"என்ன தப்பு?"

"அழிச்சது நான். 'எங்கள் கையால்'னு எழுதியிருக்கீங்க."

உமையாள் பேனாவை மூடினார்.

"முன்னாடி நாலு பேரை நான் மட்டும்தான் துலக்கினேன், சார். அங்கயும் அப்படித்தான் எழுதியிருக்கேன். அதைப் படிச்சப்ப நீங்க ஒண்ணும் கேக்கலையே."